58,400 சொல்லா, 41,200 சொல்லா: ஏழரை மாதம் நின்றுபோன ஒரு மொழிபெயர்ப்புக் கூலி

2023 டிசம்பர் 8 அன்று நான் முழுமையாக ஒப்படைத்த ஒரு மொழிபெயர்ப்புக்கான பணம், 2024 ஜூலை 29 அன்று என் வங்கிக் கணக்கில் ஏறியது. இடையில் 234 நாள்கள் ஓடிவிட்டன. நான் கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடியே எழுதியும் மொழிபெயர்த்தும் பிழைப்பவள். எந்த நிறுவனத்திலும் ஊழியர் அல்ல. மாதச் சம்பளமோ வைப்பு நிதியோ கிடையாது. இத்தகைய தாமதங்கள் இந்தத் தொழிலில் புதியவை அல்ல என்றாலும், இந்த ஒரு நிகழ்வின் மின்னஞ்சல்கள், பில், நேரக் கணக்கு, வரிப் பதிவு அனைத்தும் தேதியோடு என்னிடம் இருப்பதால், எந்த இடத்தில் எது தவறியது என்பதைச் சொல்ல முடிகிறது. பணியைக் கொடுத்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அது சென்னையில் பயிற்சி நூல்கள் தயாரித்துத் தரும் ஒரு தனியார் நிறுவனம் என்பது போதும்.

பணி ஏற்பு

கிராமப்புறங்களில் தாய்சேய் நலப் பணி செய்வோருக்கான ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழாக்க வேண்டும் என்று 2023 செப்டம்பர் 11 அன்று தொலைபேசியில் கேட்டார்கள். மறுநாள் வந்த மின்னஞ்சலில் மூன்று செய்திகள் இருந்தன: கோப்பு 58,400 சொற்கள் கொண்டது, கூலி ஒரு சொல்லுக்கு 1 ரூபாய் 50 காசு, டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் முடிக்க வேண்டும். "சம்மதம்" என்று ஒரு வரியில் பதில் அனுப்பிவிட்டு 14ஆம் தேதி வேலையைத் தொடங்கினேன்.

அந்த மின்னஞ்சலில் இல்லாதவற்றை இன்று படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. "ஒரு சொல்" என்றால் ஆங்கிலச் சொல்லா, தமிழ்ச் சொல்லா என்பது இல்லை. பணம் எத்தனை நாளில் வரும் என்பது இல்லை. மொழிபெயர்ப்பின் பதிப்புரிமை யாருக்கு என்பதும் இல்லை. பதினொரு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் இவற்றைக் கேட்காமல் விட்டதற்குக் காரணம், கேட்டால் வேலை கைநழுவிப் போகுமோ என்ற பயம்தான். பணத்தைப் பற்றி முதல் நாளே பேசுவது எழுதுகிறவர்களுக்கு அழகல்ல என்ற எண்ணமும் எனக்குள் ஊறியிருந்தது. அது நம்மில் பலருக்கும் உள்ள எண்ணம் என்று அறிவேன்.

ஒரு சொல்லின் எடை

ஆங்கிலத்தை எண்ணுவதா, தமிழை எண்ணுவதா என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். கையேட்டில், பிரசவம் முடிந்த தாயைப் பற்றிய பகுதியில், "ஷீ ஷுட் நாட் பீ லெஃப்ட் அலோன்" என்று ஒரு வாக்கியம் வருகிறது. ஆங்கிலத்தில் அது ஆறு சொல். தமிழில் நான் எழுதியது "அவரைத் தனியே விடக்கூடாது" என்பது, மூன்று சொல். ஆங்கிலக் கணக்கில் இந்த வாக்கியத்துக்கு 9 ரூபாய், தமிழ்க் கணக்கில் 4 ரூபாய் 50 காசு. வேற்றுமை உருபையும் துணைவினையையும் தமிழ் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், செறிவாக எழுதும் மொழிபெயர்ப்பாளர் தன் கூலியைத் தானே குறைத்துக்கொள்கிறார். அது மட்டுமல்ல, "விடக்கூடாது" என்பதை "விடக் கூடாது" என்று பிரித்து எழுதினால் அதே வாக்கியம் நான்கு சொல்லாகிவிடும். "செய்துகொண்டிருக்கிறார்" என்பதை மூன்றாகப் பிரிப்பவருக்கு, சேர்த்து எழுதுபவரைவிட மும்மடங்கு பணம் கிடைக்கும். எழுதுகிறவரின் பிரிப்புப் பழக்கத்தைப் பொறுத்து மாறும் ஓர் அலகை வைத்துக் கூலி பேசுவது முறையாகாது. மூலக் கோப்பின் சொற்கணக்கு அப்படியல்ல. வேலை தொடங்கும் முன்பே இரு தரப்புக்கும் தெரிந்த, மாறாத எண் அது.

வேலை நடந்த விதம்

காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை புதிய பக்கங்களும், பத்தரைக்குப் பிறகு ஒரு மணி நேரம் முந்தைய நாள் பக்கங்களின் திருத்தமுமாக வைத்துக்கொண்டேன். நாளுக்கு ஏறத்தாழ 1,100 ஆங்கிலச் சொற்கள் நகர்ந்தன. மாலை நேரம் வேறு சிறு பணிகளுக்கு. இந்த வேகம் சிலருக்குக் குறைவாகத் தோன்றக்கூடும். ஆனால் சுகாதாரக் கையேட்டில் ஒரு சொல் பிசகினால், அது ஒரு வீட்டின் திண்ணையில் போய்ப் பிசகும். வலிப்பைக் குறிக்க ஊரில் "ஜன்னி" என்பார்கள். அதே சொல்லைக் கடுங்காய்ச்சலில் பிதற்றுவதற்கும் சொல்வார்கள். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று அறிவுறுத்தும் பக்கத்தில் இரண்டு பொருள் தரும் சொல் இருக்கக்கூடாது. "வலிப்பு" என்றே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் கைகால் வெட்டி இழுப்பதை ஒரு வரியில் விளக்குவது என்று முடிவு செய்வதற்கு, பணி ஓய்வு பெற்ற ஒரு கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருமுறை தொலைபேசியில் பேசினேன். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. சொற்கணக்கில் அந்த நேரத்துக்கு இடமில்லை.

அக்டோபர் 30, நவம்பர் 20, டிசம்பர் 8 ஆகிய நாள்களில் மூன்று தவணையாக ஒப்படைத்தேன். மூன்றாவது தவணைக்கு முன்னர், பக்க வடிவமைப்பாளரிடம் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்து ஓடவில்லை என்றும், பழைய எழுத்துருவுக்கு மாற்றித் தர வேண்டும் என்றும் கேட்டார்கள். மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்ததில் ஒகர, ஓகாரக் கொம்புகள் இடம் மாறின. கிரந்த எழுத்துகள் உடைந்தன. அவற்றைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய ஒன்பது மணி நேரம் பிடித்தது. அதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை.

என் நேரக் குறிப்பேட்டின்படி மொழிபெயர்ப்புக்கும் திருத்தத்துக்கும் 205 மணி நேரம். தொலைபேசி, மின்னஞ்சல், எழுத்துரு மாற்றம் ஆகியவற்றுக்கு 31 மணி நேரம். 87,600 ரூபாயை இந்த 236 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 371 ரூபாய் வருகிறது. பின்னர் பணத்தை வாங்குவதற்காகச் செலவழித்த 27 மணி நேரத்தையும் சேர்த்தால் 333 ஆகிறது. நிறுவனம் பிற்பாடு சொன்ன தமிழ்க் கணக்கை ஏற்றிருந்தால் 235 ரூபாய்தான் நின்றிருக்கும். மின்கட்டணம், இணையக் கட்டணம், மடிக்கணினித் தேய்மானம், வேலையில்லாத வாரங்கள் அனைத்தும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

காத்திருப்பு

டிசம்பர் 11 அன்று 87,600 ரூபாய்க்குப் பில் அனுப்பினேன். "கிடைத்தது, கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிட்டோம்" என்று பதில் வந்தது. ஜனவரி முழுவதும் அதே பதில்தான். ஒப்புதல் கையெழுத்துக்காக நிற்கிறது என்றார்கள். நிதிப் பொறுப்பாளர் விடுமுறை என்றார்கள். ஜனவரி 17 அன்று இரண்டு பவுன் சங்கிலியை 12 விழுக்காடு வட்டிக்கு அடகு வைத்து 60,000 ரூபாய் வாங்கி, வாடகையையும் மகளின் பள்ளிக் கட்டணத்தையும் கட்டினேன். செய்து முடித்த வேலையின் பணம் வெளியே நிற்கும்போது நகைக்கடன் வாசலில் நிற்பதைப்போல் மனத்தைச் சோர்வடையச் செய்வது வேறில்லை. அடுத்து ஏற்ற பணியின் முதல் வாரப் பக்கங்களில் அந்தச் சோர்வு தெரிந்தது. அவற்றை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 19 அன்று, அதாவது ஒப்படைத்து 73ஆம் நாள், முதன்முறையாக ஒரு மறுப்பு எழுத்தில் வந்தது. தமிழ்க் கோப்பில் 41,200 சொற்களே உள்ளன, ஆகவே 61,800 ரூபாய்க்குப் பில்லைத் திருத்தி அனுப்புங்கள் என்று திட்ட மேலாளர் எழுதியிருந்தார். வித்தியாசம் 25,800 ரூபாய். 58,400 என்ற எண்ணைத் தாங்களே எழுதி அனுப்பியதை நினைவூட்டினேன். அதன் பிறகு மூன்று மாதம் எந்தப் பதிலும் இல்லை.

அந்த மூன்று மாதத்தில் நான் மொத்தம் பதினான்கு நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன். இப்போது வரிசையாகப் படித்தால், எல்லாமே ஒரு கோரிக்கையின் தொனியில் இருக்கின்றன: "தயவுகூர்ந்து", "சிரமத்துக்கு மன்னிக்கவும்", "இயன்றால் இந்த வாரம்". கொடுக்க வேண்டியவர் அவர். மன்னிப்புக் கேட்டது நான். பணிவு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பதினான்கு கடிதங்களில் ஒன்றிலாவது தொகையோ, பில் எண்ணோ, கெடு நாளோ, சட்டப் பிரிவோ இல்லை. படிப்பவர் அவற்றை ஒரு கடன் அறிவிப்பாக எடுத்துக்கொள்ள வழியே இல்லாமல் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 31 என்ற ஒரு வரி

நிலைமை மாறியது ஜூன் 12 அன்று. வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்காக ஆடிட்டர் என்னுடைய 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தார். நம் பான் எண்ணின் பேரில் யார் யார் எவ்வளவு தொகைக்கு வரி பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் பதிவு அது. திரையில் ஒரு வரியைச் சுட்டி, "இதைப் பாருங்க மேடம், உங்க பில்லை அவங்க மார்ச் 31-லேயே கணக்குல ஏத்திட்டாங்க" என்றார். பிரிவு 194ஜே, தேதி 31-03-2024, தொகை 87,600, பிடித்த வரி 8,760.

இதன் பொருளை அவர் விளக்கினார். தொழில்முறைச் சேவைக்கான கட்டணத்தில் 10 விழுக்காடு வரியைப் பணம் கொடுக்கும்போது மட்டுமன்றி, கொடுக்க வேண்டிய தொகையாகக் கணக்கில் வரவு வைக்கும்போதும், இவற்றில் எது முந்தியதோ அப்போது, பிடித்தாக வேண்டும். நிதியாண்டு முடிவில் கணக்குப் பிரிவு தன் கடன்களைப் பட்டியலிட்டபோது என்னுடைய பில்லும் அதில் சேர்ந்திருக்கிறது. விதிப்படி வரியும் கட்டப்பட்டிருக்கிறது. திட்ட மேலாளர் 61,800 என்று வாதிட்டுக்கொண்டிருக்க, அதே நிறுவனத்தின் பேரேட்டில் என் பெயருக்கு நேராக 87,600 என்று கடன் நின்றது. அந்த வரியைப் பார்த்த நிமிடத்தில் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. ஆறு மாதமாக நான் தயவு என்று எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்ததை, அவர்களுடைய கணக்காளர் எப்போதோ கடன் என்று எழுதிவிட்டிருந்தார்.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்ல வேண்டும். பணம் வராமலேயே வரிப்பிடித்தம் மட்டும் பதிவாகிவிட்டால், பணம் கைக்கு வந்த ஆண்டில் அதை வருமானமாகக் காட்டுகிறவர்கள் குழம்பத் தேவையில்லை. வருமானத்தை எந்த ஆண்டில் காட்டுகிறோமோ அந்த ஆண்டில்தான் அதற்குரிய பிடித்தத்துக்கும் வரவு கோர வேண்டும். ஆகவே அந்த 8,760 ரூபாயை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்வதாகப் படிவத்தில் காட்டினோம்.

கடிதமும் சமாதான் மனுவும்

2021இல் ஒரு தோழியின் வற்புறுத்தலால், சிறு தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தேன். ஆதார் எண்ணைக் கொண்டு கட்டணமின்றிச் செய்யக்கூடிய பதிவு அது. தனியொருவராக எழுதுபவரும் சேவை வழங்கும் நிறுவனமாகவே அங்கே கொள்ளப்படுகிறார். பதிவு செய்தேனே தவிர, அதை எதற்கும் பயன்படுத்தவில்லை. பில்லில்கூட உத்யம் எண்ணை அச்சிடவில்லை. இந்த நிகழ்வில் நான் செய்த பிழைகளுள் மிகப் பெரியது அதுவென்றே கருதுகிறேன். ஏனெனில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பணத்துக்கு மிகத் தெளிவான கெடு வைத்திருக்கிறது.

எழுத்தில் தவணை பேசியிருந்தால் அந்த நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேற்படாமல், பணம் தர வேண்டும். எதுவும் பேசவில்லையென்றால் ஏற்பு நாளிலிருந்து 15 நாள்தான். சேவையைப் பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அது ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். பிப்ரவரி 19இல் வந்த சொற்கணக்கு மறுப்பு அந்தக் கெடுவைத் தாண்டிப் பல வாரங்கள் கழித்து வந்தது. கெடு தவறினால், மறுநாளிலிருந்து ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தின் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். அந்தக் காலத்தில் வங்கி விகிதம் 6.75 விழுக்காடு, மும்மடங்கு 20.25.

ஜூன் 24 அன்று பதினைந்தாவது கடிதத்தை எழுதினேன். அது ஒரு பக்கம்கூட இல்லை. பணி ஏற்பு மின்னஞ்சலின் தேதி, ஒப்படைத்த மூன்று தேதிகள், பில் எண், 26ஏஎஸ் பதிவின் வரி, உத்யம் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டேன். டிசம்பர் 24இலிருந்து சரியாக ஆறு மாதத்துக்கான வட்டியையும் கணக்கிட்டுக் காட்டினேன். அவர்கள் ஏற்கெனவே அரசுக்குக் கட்டிவிட்ட வரியைக் கழித்து, எஞ்சிய 78,840 ரூபாய்க்கு மட்டும் வட்டி கேட்பதே நியாயம் என்று தோன்றியது; அந்தக் கணக்கில் 8,327 ரூபாய். அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த 43பி(எச்) பிரிவுப்படி, குறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராமல் நிதியாண்டு முடிவிலும் நிலுவையில் நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்தேன். மொழிபெயர்ப்பின் பதிப்புரிமையை எழுத்தில் கையொப்பமிட்டு நான் யாருக்கும் மாற்றித் தரவில்லை என்பது கடைசி வாக்கியம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் அல்லாத ஒருவர் செய்த மொழிபெயர்ப்புக்கு முதல் உரிமையாளர் அந்த மொழிபெயர்ப்பாளரே. பணி ஏற்பு மின்னஞ்சலில் அதைப் பற்றி எழுதாமல் விட்டது என்னைப்போலவே அவர்களுக்கும் பாதகமாகத்தான் இருந்தது.

கடிதத்தில் கொடுத்திருந்த பத்து நாள் கெடுவில் பதில் இல்லாததால், குறு, சிறு நிறுவனங்கள் தங்களுக்கு வராத பணத்தைப் பற்றி முறையிடும் மத்திய அரசின் சமாதான் தளத்தில் ஜூலை 5 அன்று மனுவைப் பதிவு செய்தேன். பணி ஏற்பு மின்னஞ்சலையும் பில்லையும் இணைக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. வாங்குபவர் சென்னையில் இருந்தாலும், மனு, சேவை வழங்கியவர் இருக்கும் பகுதியில் இத்தகைய பணத் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்கே செல்லும் என்பது சட்டம். எனக்கு அது கோயம்புத்தூர். ஒரு வழக்குக்காக இரவு ரயிலில் சென்னைக்கு அலைய வேண்டியிருக்கும் என்று அஞ்சிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு விதி பெரும் ஆறுதலாக இருந்தது.

ஜூலை 23 அன்று தொலைபேசியில் அழைத்தவர் திட்ட மேலாளர் அல்ல, நிதிப் பொறுப்பாளர். சொற்கணக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "மேடம், அசல் தொகையை முழுசாப் போட்டுடறோம், மனுவை வாபஸ் வாங்கிக்குங்க, வட்டி மட்டும் வேண்டாமே" என்றார். 29ஆம் தேதி 78,840 ரூபாய் வந்தது. மறுநாள் மனுவைத் திரும்பப் பெற்றேன்.

விட்டுக்கொடுத்தது

வட்டியை விட்டுக்கொடுத்தது சரியா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். அன்று எனக்கு இருந்த முதல் நினைப்பு சங்கிலியை மீட்பதுதான். ஆகஸ்ட் 2 அன்று மீட்டேன்; 198 நாளுக்கு வட்டி 3,906 ரூபாய். நிறுவனத்தின் தாமதத்துக்கு நான் என் கையிலிருந்து கொடுத்த விலை அது. சட்டம் கொடுத்த 8,327 ரூபாயைக் கேட்டுப் பிடிவாதம் பிடிக்க மனமில்லாவிட்டாலும், இந்த 3,906 ரூபாயையாவது அடகு ரசீதின் நகலோடு கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். எங்களுக்குள் உறவு கெடாமல் இருக்கும் என்று எண்ணித்தான் விட்டேன். அந்த நிறுவனம் அதன் பிறகு என்னை எந்தப் பணிக்கும் அழைக்கவில்லை; வட்டியை வாங்கியிருந்தாலும் அழைத்திருக்காது. விட்டுக்கொடுத்ததால் எனக்குக் கிடைத்ததாகச் சொல்ல எதுவும் இல்லை.

சமாதான் மனுதான் பணத்தைக் கொண்டுவந்தது என்றும் முழு உறுதியோடு சொல்ல மாட்டேன். வருடாந்திரத் தணிக்கைக்கு முன் நிலுவைகளைத் தீர்க்கும் அவசரம் அவர்களுக்கும் இருந்திருக்கலாம். ஆனால் பதினான்கு பணிவான கடிதங்கள் திட்ட மேலாளரின் மேசையைத் தாண்டவில்லை. எண்களும் தேதிகளும் நிறைந்த ஒன்றுதான் நிதிப் பிரிவை எட்டியது. கணக்குப் பிரிவு படிக்கும் மொழியில் எழுதப்பட்ட முதல் கடிதம் அதுதான்.

இப்போது என் பில்லின் மேற்பகுதியில் உத்யம் எண் அச்சாகிறது. ஒவ்வொரு பணி ஏற்பு மின்னஞ்சலிலும் நான்கு வரி சேர்க்கிறேன்: "கூலி மூல மொழிக் கோப்பின் சொற்கணக்கின்படி. ஒப்படைத்த 30 நாளுக்குள் பணம். எழுத்துரு மாற்றம் தனிக் கூலிக்கு உரியது. பதிப்புரிமை மாற்றம் முழுப் பணம் பெற்ற பின் எழுத்து வழியாக." முதன்முறை இதை அனுப்பியது மதுரையில் உள்ள ஒரு பதிப்பாளருக்கு. அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் நெடுநேரம் தயங்கினேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது: மூன்று வரிகள் சரி, 30 நாளை 45 ஆக்க முடியுமா என்று கேட்டிருந்தார். ஆக்கினேன். 41ஆம் நாள் பணம் வந்தது.